விசாரணை இல்லாத ராணுவக் காவலுக்கு ‘எங்கள் கை வராது’ என்ற அமெரிக்க மாநிலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2011 டிசம்பர் 31. ஹவாயில் விடுமுறையில் இருந்த அதிபர் ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ராணுவத்துக்காக வருடா வருடம் வரும் வழக்கமான சட்டம்தான். ஆனால் அதன் நடுவே இருந்த இரண்டு பிரிவுகள், வழக்கும் விசாரணையும் இல்லாமல் ஒருவரைக் காலவரையின்றி ராணுவக் காவலில் வைக்க இடம் கொடுத்தன. வாஷிங்டனில் அதைத் தடுக்க முடியவில்லை. அப்புறம் மாநிலச் சட்டமன்றங்களும் நகர மன்றங்களும் தங்களால் முடிந்த ஒரு வழியில் எதிர்த்தன. அந்த வழி என்ன, அதற்கு எவ்வளவு பலம் என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

முதலில், இது என்ன சட்டம்?

தேசியப் பாதுகாப்பு அங்கீகாரச் சட்டம். சுருக்கமாக என்.டி.ஏ.ஏ. படைவீரர் சம்பளம், ஆயுதக் கொள்முதல், ராணுவத் தளங்கள் எல்லாம் இதில்தான் வரும். 2012 நிதியாண்டுக்கான சட்டத்தில் 1021, 1022 என்ற இரண்டு பிரிவுகள் சேர்க்கப்பட்டன.

வேர் 2001-இல் இருக்கிறது. இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த ஒரே வாரத்தில், செப்டம்பர் 18 அன்று, தாக்கியவர்கள் மீதும் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் மீதும் படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் ‘காவல்’ என்ற சொல்லே கிடையாது. படைபலம் என்றால் பிடித்து வைப்பதும் அதில் அடக்கம்தானே என்று புஷ் அரசு வாதாடியது. கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோ அந்த வாதத்தின் மேல்தான் நின்றது. பத்து வருடம் கழித்து, 1021 அந்த வாதத்தைச் சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்தது.

சிக்கல் எந்த வரியில் இருக்கிறது?

அல் கொய்தா, தாலிபான், அல்லது அவற்றோடு ‘சேர்ந்த படைகள்’ ஆகியவற்றில் இருந்தவர்களையும், அவற்றுக்கு ‘கணிசமாக ஆதரவு’ தந்தவர்களையும் பிடித்து வைக்கலாம் என்கிறது 1021. எவ்வளவு காலம்? ‘போர் முடியும் வரை.’ எதிரே ஒரு நாடு நின்றால் ஒருநாள் சமாதான ஒப்பந்தம் வரும், கைதிகள் வீடு திரும்புவார்கள். பயங்கரவாதத்தை எதிர்த்த போரில் யார் யாரோடு ஒப்பந்தம் போடுவது? மிசா காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வரியின் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வரியும் உண்டு. அமெரிக்கக் குடிமக்கள், நிரந்தரமாகத் தங்க அனுமதி (கிரீன் கார்டு) பெற்ற வெளிநாட்டவர்கள், அமெரிக்க மண்ணில் கைதாகும் மற்றவர்கள் விஷயத்தில், ஏற்கெனவே உள்ள சட்டத்தை இந்தப் பிரிவு மாற்றாது என்று ஒரு உட்பிரிவு சொல்கிறது. கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் ஏற்கெனவே உள்ள சட்டம் என்ன சொல்கிறது என்பதே தீராத வழக்கு. குடிமக்களை இப்படி அடைக்கலாமா கூடாதா என்ற கேள்வியை காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) முடிவு செய்யாமல் அப்படியே விட்டுவிட்டது.

ஒபாமா கையெழுத்துப் போட்டபோதே, தனக்குப் பெரும் தயக்கங்கள் உண்டு என்றும், தன் நிர்வாகம் அமெரிக்கக் குடிமக்களை விசாரணையின்றிக் காலவரையற்ற ராணுவக் காவலில் வைக்காது என்றும் அறிக்கை விட்டார். அவர் மனசார சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு அதிபரின் வாக்குறுதி அடுத்து வருபவரைக் கட்டுப்படுத்தாது.

அமெரிக்கக் குடிமக்களை உண்மையிலேயே இப்படி அடைத்தார்களா?

அடைத்தார்கள். 2002 மே மாதம் சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் இறங்கிய ஹோசே பதியா அமெரிக்கக் குடிமகன். கதிரியக்கக் குண்டு வைக்கத் திட்டமிட்டார் என்றது அரசு. அடுத்த மாதமே அதிபர் புஷ் அவரை ‘எதிரிப் போராளி’ என்று அறிவித்தார். தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் அருகே உள்ள கடற்படைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றரை வருடம் குற்றச்சாட்டே இல்லை.

அந்தச் சிறையில் எடுத்த ஒரு வீடியோவின் படங்கள் 2006-இல் வெளியாகின. பதியாவுக்குப் பல் வலி. அறையிலிருந்து பல் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். தலைக்கவசம் போட்ட காவலர்கள் வருகிறார்கள். கை காலில் சங்கிலி. கண்ணுக்கு ஒளி புகாத கறுப்புக் கண்ணாடி, காதுக்குச் சத்தம் புகாத மூடி. பல் மருத்துவரிடம் போகும் அந்தக் கொஞ்ச தூரம்கூட அவர் எதையும் பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது. இத்தனைக்கும் எந்த நீதிமன்றமும் அதுவரை அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை.

உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளப் போகிறது என்ற நிலை வந்ததும், அரசு அவரைச் சாதாரண நீதிமன்றத்துக்கு மாற்றியது. 2007-இல் மயாமியில் வேறு குற்றங்களில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. கதிரியக்கக் குண்டுப் பேச்சு குற்றப்பத்திரிகையில் இல்லவே இல்லை.

இன்னொருவர் யாசர் ஹம்தி. லூசியானாவில் பிறந்தவர், ஆப்கானிஸ்தானில் பிடிபட்டவர். 2004-இல் அவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கமும் பேசியது: போர்க்களத்தில் பிடிபட்ட குடிமகனை வைத்திருக்கலாம், ஆனால் நடுநிலையான ஒருவர் முன் தன் பக்கத்தைச் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். அந்த வாய்ப்பைத் தருவதற்குப் பதில், குடியுரிமையைத் துறக்கச் சொல்லி சவூதி அரேபியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

‘ஆதரவு’ என்ற ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு பயம்?

இதில் தமிழர்களுக்கு நேரடியான அனுபவம் உண்டு. பயங்கரவாத அமைப்புகளுக்கு ‘பொருண்மையான ஆதரவு’ தருவதைக் குற்றமாக்கும் அமெரிக்கச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களும் இருந்தன. விடுதலைப் புலிகளின் சட்டத்துக்கு உட்பட்ட, வன்முறை சாராத பணிகளுக்கு உதவுவது குற்றமாகுமா என்று அவர்கள் கேட்டார்கள். அதே வழக்கில், குர்திஷ் அமைப்பு ஒன்றுக்கு ஐ.நா.வில் மனுக் கொடுக்கவும் சமாதான வழியில் தகராறு தீர்க்கவும் பயிற்சி தர விரும்பியவர்களும் இருந்தார்கள். 2010 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அமைதிக்குப் பயிற்சி கொடுப்பதும் ‘ஆதரவு’ ஆகலாம்!

அது குற்றவியல் சட்டம். அதில் சிக்கினால் வழக்கறிஞர், நீதிபதி, ஜூரி எல்லாம் உண்டு. 1021-க்கும் புலிகளுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் ‘ஆதரவு’ என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும் என்பதை அந்தத் தீர்ப்பு காட்டிவிட்டது. அதே மாதிரிச் சொல் விசாரணையே இல்லாத ஒரு பிரிவில் வந்து உட்காரும்போது பயப்படாமல் எப்படி இருப்பது?

நீதிமன்றத்தில் யாரும் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள். 2012 ஜனவரியில் பத்திரிகையாளர் கிறிஸ் ஹெட்ஜஸ் வழக்குத் தொடுத்தார். டேனியல் எல்ஸ்பர்க், நோம் சோம்ஸ்கி போன்ற பெயர்பெற்ற போர் எதிர்ப்பாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். செய்திக்காகத் தாலிபான்களையும் மற்றவர்களையும் பேட்டி எடுப்பது ‘ஆதரவு’ ஆகுமா என்பது ஹெட்ஜஸின் கேள்வி. நீதிபதி கேத்தரின் ஃபாரஸ்ட் அரசு வழக்கறிஞரிடம் இதை நேரடியாகவே கேட்டார்: இவர்கள் செய்யும் வேலைக்காக இவர்களைப் பிடிக்க மாட்டீர்கள் என்று உறுதி தர முடியுமா? வழக்கறிஞரால் தர முடியவில்லை. மே மாதம் இடைக்காலத் தடை, செப்டம்பரில் நிரந்தரத் தடை.

தடை நிலைக்கவில்லை. 2013 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதியே இல்லை என்று தள்ளியது. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கேட்கவே மறுத்துவிட்டது. பிரிவு செல்லுமா செல்லாதா என்பதற்குப் பதில் வரவே இல்லை.

சரி, மாநிலங்கள் என்ன செய்தன?

முதலில் வர்ஜீனியா. பாப் மார்ஷல் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் கொண்டுவந்த மசோதா, 2012 பிப்ரவரியில் கீழவையில் 96-4 என்று நிறைவேறியது. ஆளுநர் சில திருத்தங்கள் கேட்டார். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதல்வர் மாதிரி.) ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அமெரிக்கக் குடிமகன் ஒருவரை அரசியலமைப்புக்கு விரோதமாக இப்படிப் பிடித்து வைக்க, வர்ஜீனியாவின் எந்த அலுவலகமும், காவல்துறையும், மாநிலத் தேசியக் காவல்படையும் தெரிந்தே உதவக் கூடாது என்பது அதன் சாரம்.

2013-இல் அலாஸ்கா, கலிஃபோர்னியா, மிச்சிகன் சேர்ந்தன. இதில் கலிஃபோர்னியா எனக்கு முக்கியம். மசோதாவைக் கொண்டுவந்த டிம் டானெலி, எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு எதிராக இயங்கிய பழமைவாதி. அக்டோபர் 1 அன்று கையெழுத்துப் போட்ட ஆளுநர் ஜெர்ரி பிரவுன், ஜனநாயகக் கட்சி. இந்த இருவரும் ஒத்துப்போன விஷயங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதுவும் கலிஃபோர்னியாச் சட்டம் ‘குடிமகன்’ என்று சுருக்காமல், மாநிலத்துக்குள் இருக்கும் எந்த நபருக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டது. வந்தேறிகளை எதிர்த்தவர் பெயரில் வந்த சட்டம், குடியுரிமை இல்லாதவருக்கும் நிழல் கொடுத்தது.

மத்திய அரசின் சட்டத்தை மாநிலம் எப்படி மீற முடியும்?

மீறவில்லை. இங்கேதான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள்.

மத்திய சட்டம்தான் மேலானது என்று அமெரிக்க அரசியலமைப்பு தெளிவாகச் சொல்கிறது. அதைச் செல்லாது என்று ஒரு மாநிலம் அறிவித்தால் அந்த அறிவிப்புக்கு மதிப்பில்லை. ஆனால் மத்திய அரசு தன் சட்டத்தைத் தன் ஆட்களை வைத்துத்தான் நடத்த வேண்டும். மாநில ஊழியரைக் கூப்பிட்டு ‘நீ செய்’ என்று கட்டளையிட முடியாது.

1997-இல் இதை நிலைநாட்டியவர்கள் இரண்டு ஷெரீஃப்கள், அதாவது உள்ளூர்க் காவல்துறைத் தலைவர்கள். மொன்டானாவின் ஜே பிரின்ட்ஸ், அரிசோனாவின் ரிச்சர்ட் மேக். துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியை உள்ளூர் ஷெரீஃப்தான் சரிபார்க்க வேண்டும் என்று மத்திய சட்டம் சொன்னது. எங்களுக்கு வேலை கொடுக்க நீங்கள் யார் என்று கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் 5-4 என்று அவர்கள் பக்கம் நின்றது. எனக்குத் துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும். ஆனாலும் அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் வர்ஜீனியாச் சட்டத்துக்குக் காலூன்ற இடம் இருந்திருக்காது.

இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை. ஒரு ஊரில் ஒருவரைப் பிடிக்க வேண்டுமானால் அவர் வீடு எது, எந்த வண்டி, எப்போது வேலைக்குப் போவார் என்று தெரிய வேண்டும். அதெல்லாம் உள்ளூர்க் காவல் நிலையத்தில் இருக்கிறது. பிடித்தவரை இரவு வைக்க ஒரு அறை வேண்டும். மத்திய அரசு பல இடங்களில் கவுண்டிச் (நம் மாவட்டம் மாதிரி) சிறையில்தான் நாள் வாடகைக்குப் படுக்கை எடுக்கிறது. அந்த அறையின் சாவியை வைத்திருப்பவர் ‘முடியாது’ என்றால் வேலை நிற்காது, ஆனால் கடினமாகும், வெளியே தெரியவும் செய்யும்.

இந்த உத்தி புதுசா?

நூற்றி எழுபது வருடத்துக்கு மேல் பழையது. 1842-இல் ஜார்ஜ் லாட்டிமர் என்ற கறுப்பினத்தவர் அடிமை நிலையிலிருந்து தப்பி மனைவியோடு பாஸ்டனுக்கு வந்தார். ‘உரிமையாளர்’ தேடி வந்தார். லாட்டிமரை பாஸ்டனின் உள்ளூர்ச் சிறையில் அடைத்தார்கள். சுதந்திர மாநிலம் என்று பெயர் எடுத்த மாசசூசெட்ஸின் சிறை, வர்ஜீனியாக்காரரின் ‘சொத்தை’ப் பத்திரமாக வைத்துக் காத்தது!

ஊர் கொதித்தது. கடைசியில் பணம் திரட்டி அவருக்கு விடுதலை வாங்கினார்கள். அதோடு விடவில்லை. 60,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனு மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனது. 1843-இல் சட்டம் வந்தது: தப்பி வந்த அடிமையைப் பிடிக்க மாசசூசெட்ஸ் அதிகாரி யாரும் உதவக் கூடாது, மாநிலச் சிறையைப் பயன்படுத்தவும் கூடாது. மாநில அதிகாரிகளை இந்த வேலைக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்று அதற்கு முந்தைய வருடம் உச்ச நீதிமன்றமே ஒரு பென்சில்வேனியா வழக்கில் சொல்லியிருந்தது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் புகுந்துதான் இந்தச் சட்டத்தை எழுதினார்கள்.

விஸ்கான்சின் இன்னும் ஒரு படி மேலே போனது. 1854-இல் மில்வாக்கியில் ஜோஷுவா குளோவர் என்பவர் அடைபட்டிருந்த சிறைக் கதவை மக்கள் உடைத்து அவரை மீட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம், தப்பியோடிய அடிமைகள் பற்றிய மத்திய சட்டமே செல்லாது என்றது. 1859-இல் வாஷிங்டனில் உள்ள நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. உதவ மறுத்த மாசசூசெட்ஸின் வழி நின்றது. செல்லாது என்று அறிவித்த விஸ்கான்சினின் வழி நீதிமன்றத்தில் தோற்றது. மனசாட்சி இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் மாநிலங்கள் எப்போதும் மக்கள் பக்கமா?

இல்லவே இல்லை. 1942-ஐப் பாருங்கள். அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணையின் பேரில் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். முதலில் வெளியேற்றப்பட்டது சியாட்டில் அருகே பெயின்பிரிட்ஜ் தீவில் இருந்தவர்கள், 227 பேர். ஸ்ட்ராபெர்ரி விவசாயிகள் பலர். ஆறே நாள் அவகாசம். மார்ச் 30 காலை, இருப்பதில் நல்ல உடையைப் போட்டுக்கொண்டு, கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு படகுத் துறைக்கு நடந்தார்கள். குழந்தைகளின் கோட்டுப் பொத்தானில்கூட எண் எழுதிய காகித அட்டை தொங்கியது. இருபுறமும் ஈட்டி பொருத்திய துப்பாக்கிகளோடு சிப்பாய்கள்.

அப்போது கலிஃபோர்னியாவின் அரசு தலைமை வழக்கறிஞராக இருந்து இந்த வெளியேற்றத்துக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தவர் ஏர்ல் வாரன். பின்னாளில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்து பள்ளிகளில் நிறப்பிரிவினையை ஒழித்த அதே வாரன். எதிர்த்து நின்ற ஆளுநர் என்று சொன்னால் கொலராடோவின் ரால்ஃப் கார் நினைவுக்கு வருகிறார். இவர்களும் குடிமக்கள், இவர்களுக்கும் அரசியலமைப்பு உண்டு என்று வெளிப்படையாகப் பேசினார். முகாம் கொலராடோவிலும் வந்தது. அவரால் தடுக்க முடியவில்லை. அந்த வருடமே செனட் தேர்தலில் தோற்றார்.

ஹெட்ஜஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு ஆதரவு மனுக் கொடுத்தவர்களில், அன்று முகாம் ஆணையை எதிர்த்து வழக்காடிய ஃபிரெட் கோரமாட்சு, கோர்டன் ஹிராபயாஷி, மினோரு யாசுயி ஆகியோரின் பிள்ளைகள் இருந்தார்கள்.

ஒரு சின்ன ஊர் தீர்மானம் போட்டு என்ன ஆகப் போகிறது?

நகர மன்றத் தீர்மானத்துக்குச் சட்ட பலம் குறைவு, உண்மைதான். ஆனால் மாநிலச் சட்டங்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டன் 2012 பிப்ரவரியிலேயே 1021-ஐ எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அதே வட்டாரத்தில்தான் 2001-இல் தேசபக்திச் சட்டம் என்ற கண்காணிப்புச் சட்டத்துக்கு எதிரான ஊர்த் தீர்மான இயக்கமும் துளிர்விட்டது. அந்த இயக்கம் சில ஆண்டுகளில் நாடெங்கும் 400-க்கு மேற்பட்ட ஊர்களுக்கும் கவுண்டிகளுக்கும் பரவியது.

கலிஃபோர்னியாவின் ஆர்கேட்டா என்ற சிற்றூர் 2003-இல் தீர்மானத்தோடு நிற்காமல் உள்ளூர்ச் சட்டமே இயற்றியது. தேசபக்திச் சட்டத்தின் கீழ் வரும் அத்துமீறலுக்கு நகராட்சியின் உயர் அலுவலர் தானாகப் போய் ஒத்துழைத்தால் 57 டாலர் அபராதம். தொகை சின்னது. ஆனால் அந்த அலுவலருக்கு ‘மேலிடத்தில் கேட்டார்கள், கொடுத்தேன்’ என்று சொல்ல இனி வழியில்லை. கேட்டு வருபவரிடம் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. ஒத்துழைக்காமல் இருக்கப் பல நேரம் ஒரு ஊழியருக்குத் தேவைப்படுவது அதுதான்.

இந்தச் சட்டங்களில் ஓட்டை இல்லையா?

நிறைய. வர்ஜீனியாச் சட்டம் குடிமக்களை மட்டும் காக்கிறது. கிரீன் கார்டில் இருபது வருடம் இருப்பவருக்கு அதில் இடமில்லை. ‘தெரிந்தே’ என்ற சொல் இன்னொன்று: எதற்காகத் தகவல் கேட்கிறார்கள் என்று சொல்லாமலே கேட்டால், கொடுத்தவர் தெரிந்தே உதவியவர் ஆக மாட்டார். உள்ளூர்க் காவலரும் மத்திய அதிகாரியும் ஒரே அறையில் வேலை பார்க்கும் கூட்டுப் படைகள் இருக்கின்றன. இப்படிக் காவலில் வைப்பது நோக்கமாக இல்லாதவரை அவற்றைச் சட்டம் தொடவில்லை. கலிஃபோர்னியாவிலும், அரசியலமைப்பை மீறும் உதவிதான் தடை. எது மீறல் என்று முடிவு செய்ய வேண்டிய நீதிமன்றமோ, மேலே பார்த்தபடி, பதில் சொல்லாமல் கதவைச் சாத்தியது.

ராணுவம் தானே நேரில் வந்து ஒருவரைத் தூக்கிச் சென்றால், மேலே சொன்ன எந்தச் சட்டமும் அதை நிறுத்தாது. ஆட்கொணர்வு மனுதான் ஒரே வழி. அந்த உரிமை பறிபோகவில்லை என்று 2013-க்கான என்.டி.ஏ.ஏ. ஒரு பிரிவில் தெளிவாக்கியது.

‘மாநில உரிமை’ என்பது நிறவெறியர்களின் கோஷம் அல்லவா?

ஆமாம், அந்த வரலாறு கசப்பானது. 1957-இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாமல் தடுக்க, ஆர்கன்சா ஆளுநர் இதே மாநிலக் காவல்படையைத்தான் நிறுத்தினார். நான் பார்க்கும் அளவுகோல் எளிது. அவர் ஒருவரின் உரிமையைத் தடுக்கக் கையை நீட்டினார். இங்கே ஒருவரின் உரிமையைப் பறிக்கும் வேலையிலிருந்து கையை இழுத்துக்கொள்கிறார்கள்.

குடியேறிகளை அடைக்கும் முகாம்களுக்கும் இதே உத்தி பொருந்துமா?

அது வேறு சட்டம், ஆனால் அதே கொள்கைதான் அங்கேயும். இல்லினாய் மாநிலம் 2021-இல், குடியேற்றக் கைதிகளை வாடகைக்கு வைக்கத் தன் கவுண்டிச் சிறைகள் ஒப்பந்தம் போடக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அதில் கிடைத்த வருமானத்தை இழக்க விரும்பாத இரண்டு கவுண்டிகள் வழக்குக்குப் போய்த் தோற்றன. கலிஃபோர்னியா, மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டுத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் முகாம்களையே தடுக்கப் பார்த்தது. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தியது. தன் சொந்தச் சிறையைப் பூட்டிக்கொள்ள மாநிலத்துக்கு உரிமை உண்டு. மத்திய அரசு வேறொருவரிடம் எடுத்த இடத்தைப் பூட்ட முடியாது.

1021 இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 2012 நவம்பரில் செனட்டர்கள் டயான் ஃபைன்ஸ்டைனும் மைக் லீயும் சேர்ந்து, அமெரிக்க மண்ணில் பிடிபடும் குடிமக்களையும் நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்களையும் இப்படி அடைக்கக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். செனட்டில் 67-29 என்று வென்றது. அப்புறம் இரண்டு அவைகளின் மசோதாக்களையும் இணைக்கும் குழு உட்கார்ந்தது. வெளியே வந்த சட்டத்தில் அந்தத் திருத்தம் இல்லை.